கேபிளின் மறுமுனை

கப்பலில் என் பெயர் பத்தி சாப். இந்தியர்கள் வேலை பார்க்கும் கப்பல்களில் பெயர் சொல்லிக் கூப்பிடுவது குறைவு. சீஃப் எஞ்சினியர் படா சாப், மூன்றாம் எஞ்சினியர் தீன் சாப், நான்காமவர் சார் சாப். மின்சாரம் பார்ப்பவன் பத்தி சாப். இந்தியில் பத்தி என்றால் விளக்கு. முதல் கப்பல் முடித்து லீவில் தூத்துக்குடி வந்தபோது இதை வீட்டில் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஏன்ய்யா, இவ்வளவு படிச்சிட்டு ஊதுபத்தியா விக்குத?" என்று கேட்டார்.

1999-ல் ஏறினேன், 2018-ல் இறங்கினேன். எஞ்சினியர்கள் ஓடுகிற கப்பலைப் பற்றித்தான் கதை சொல்வார்கள். எனக்கு நினைவில் நிற்பவை கட்டிக் கிடந்த கப்பல்கள். கடலில் போகும்போது மெயின் எஞ்சின்தான் ராஜா. மின்சாரக்காரனைத் தேட ஆளில்லை. கயிறு போட்டுக் கட்டியதும் ராஜா தூங்கிவிடுவார். அதன் பிறகு கப்பலின் உயிர் ஜெனரேட்டர் கையில் இருக்கும். விளக்கு, சமையலறை, ஏசி, பாலாஸ்ட் தண்ணீர் இறைக்கும் பம்புகள், சொந்தக் கிரேன் உள்ள கப்பலென்றால் கிரேன், கன்டெய்னர் கப்பலென்றால் நூற்றுக்கணக்கான குளிர்ப்பெட்டிகள். சரக்கு ஏற்றி இறக்குகிற இரவு பகல் முழுக்க டீசல் ஜெனரேட்டர்கள் ஓடிக்கொண்டே இருக்கும்.

கணக்கு சொல்கிறேன். நடுத்தரக் கன்டெய்னர் கப்பல் ஒன்று கரையில் கட்டிக் கிடக்கும்போது ஒன்றரை மெகாவாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 36,000 யூனிட். எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு இரண்டு மாத பில் 400 யூனிட் வரும். அப்படித் தொண்ணூறு வீடுகள் இரண்டு மாதம் எரிப்பதைக் கப்பல் ஒரே நாளில் எரித்துவிடும். ஒரு யூனிட்டுக்கு 210 கிராம் எண்ணெய் வீதம் நாளொன்றுக்கு ஏழரை டன். அதிலிருந்து வெளியேறும் கரியமில வாயு 23 டன் சொச்சம். இது நடுக்கடலில் அல்ல, ஊருக்கு நடுவே. உலகத்தின் பெரிய துறைமுகங்கள் பலவும் ஊருக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருப்பவை.

இதற்கு மருந்தாக இன்று ஊரெல்லாம் பேசுகிற கரை மின்சாரம் புதுச் சரக்கே அல்ல. கப்பல்காரர்கள் அதைக் கோல்டு ஐயர்னிங் என்பார்கள். நீராவிக் காலத்தில் கப்பல் நெடுநாள் கட்டிக் கிடந்தால் கொதிகலனில் நெருப்பை அணைத்துவிடுவார்கள், இரும்பு ஆறிக் குளிர்ந்துபோகும். அந்தப் பேச்சுதான் ஒட்டிக்கொண்டது. டிரை டாக்கில் கப்பலுக்கு எப்போதும் கரை மின்சாரம்தான். கடல்தண்ணீர் இல்லாத பள்ளத்தில் ஜெனரேட்டரை எதைக் கொண்டு குளிர்விப்பது?

என் முதல் டிரை டாக்கில் நான் செய்த காரியத்தை இத்தனை வருடம் கழித்துச் சொல்வதில் தப்பில்லை. மூன்று ஃபேஸில் இரண்டு இடம் மாறினால் மோட்டார்கள் எல்லாம் எதிர்ப்பக்கம் சுற்றும். அதைக் காட்டிக்கொடுக்கவென்றே இணைப்புப் பெட்டியில் இரண்டு சின்ன விளக்குகள் இருக்கும். அன்று ஒன்று ஃப்யூஸ் போயிருந்தது. காலையில் மாற்றிக்கொள்ளலாம் என்று பிரேக்கரைப் போட்டுவிட்டேன். வெளியே கப்பலின் உடம்பைத் துரு நீங்க மணல் அடித்துச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். சமையலறைப் புகையை வெளியே தள்ள வேண்டிய ஃபேன் எதிராகச் சுற்றி அந்த மணலை உள்ளே அள்ளிச் சாம்பாரில் போட்டது. படா சாப் ஒன்றும் திட்டவில்லை. ஒரு தட்டுச் சோற்றில் அந்தச் சாம்பாரை ஊற்றி என் முன்னால் வைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து எந்தக் கேபிளையும் அதன் மறுமுனையில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் நான் தொட்டதில்லை.

கரை மின்சாரம் சட்டமாகிக் கண்ணெதிரே வந்தது லாஸ் ஏஞ்சலிஸில். அதற்கு முன்பே, 2000-ல், சுவீடனின் கோத்தன்பர்க் துறைமுகம், வண்டிகள் உருண்டு ஏறி இறங்கும் ரோ-ரோ கப்பல்களுக்கு உயர் அழுத்த மின்சாரம் கொடுத்திருந்தது. கலிபோர்னியாவில் அது வழக்கில் பிறந்தது. துறைமுகத்தை ஒட்டிய சான் பெட்ரோ ஊர்க்காரர்கள் புது கன்டெய்னர் முனையம் ஒன்றை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். 2003-ல் சமரசம் ஏற்பட்டு, 2004 ஜூனில் அந்த முனையத்தில் கன்டெய்னர் கப்பல்கள் ஜெனரேட்டரை அணைத்துவிட்டு நிற்கத் தொடங்கின. பிறகு மாநிலமே சட்டம் போட்டது. 2014 முதல், ஒரு கம்பெனியின் கன்டெய்னர் கப்பல்கள் அங்கே வரும் தடவைகளில் பாதியிலாவது கரை மின்சாரத்தில் நிற்க வேண்டியிருந்தது. 2017-ல் அது 70 சதவீதம், 2020-ல் 80. பசுமை என்று இன்று பூப்போட்ட எழுத்தில் எழுதுகிறார்களே, அதன் வேர் ஜன்னலில் கரி படிந்து எரிச்சலடைந்த குடித்தனக்காரர்கள்.

2014-ல் நான் இருந்த கப்பலின் பின்பக்கம் ஒரு பெரிய கேபிள் ராட்டினம் பொருத்தியிருந்தார்கள். மேல்கை கனமுள்ள இரண்டு கேபிள்கள், 6,600 வோல்ட். பைலட் இறங்கியதும் என் வேலை தொடங்கும். கேபிளை மெதுவாகக் கீழே விட வேண்டும்; கரையில் ஆட்கள் வாங்கி, குழிக்குள் இருக்கும் சாக்கெட்டில் செருகுவார்கள். இன்சுலேஷன் பார்த்து, எர்த்தை எடுத்து, கரைப் பிரேக்கர் போட்டதும் கப்பலின் மின்சாரமும் கரையின் மின்சாரமும் ஒரே தாளத்துக்கு வர வேண்டும். சிங்க்ரோஸ்கோப் முள் மெல்லச் சுற்றிவந்து பன்னிரண்டு மணியைத் தொடுகிற கணத்தில் பிரேக்கரை மூட வேண்டும். கும்மியில் கை சேர்கிற மாதிரி, முந்தினாலும் பிந்தினாலும் கெட்டது. பிறகு சுமையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கு மாற்றி, ஜெனரேட்டரை வெறுமையாக்கி, நிறுத்த வேண்டும்.

முதல் தடவை நின்றபோது எஞ்சின் ரூமில் யாரும் பேசவில்லை. பழக்கமில்லாததால் எல்லோரும் கத்தியே பேசப் போய், தன் குரலைத் தானே கேட்டுப் பயந்து அடங்கினோம். எங்கோ ஒரு வால்வு சொட்டுகிற சத்தம் கேட்டது. எத்தனை மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்ததோ. சார் சாப் டார்ச்சை எடுத்துக்கொண்டு அதைத் தேடப் போனார்.

மூன்றாவது இணைப்பில் பாடம் படித்தேன். சுமை மாறிய நான்காம் நிமிடம் கப்பல் இருண்டது. எமர்ஜென்சி ஜெனரேட்டர் 45 விநாடிக்குள் எடுத்தாக வேண்டும், அது விதி. எடுத்தது. ஆனால் குளிர்ப்பெட்டிகள் அதன் கணக்கில் இல்லை. முந்நூறு பெட்டிகளின் அலாரமும் ஒரே ராகத்தில் அழத் தொடங்கின. காரணம், பிளக்கில் இருக்கும் பைலட் தொடர்பில் கொஞ்சம் உப்பு ஈரம். அந்த மெல்லிய கம்பியில் ஓட்டம் அறுந்தால், யாரோ பிளக்கைப் பிடுங்குகிறார் என்று நினைத்துக் கருவி எல்லாவற்றையும் வெட்டிவிடும். நல்ல கருவி, செய்ய வேண்டியதைத்தான் செய்தது. உப்பளத்துக்காரன் மகனை உப்பே தேடி வந்து பிடித்தது.

அந்தப் பயணத்தில்தான் அப்பாவுக்கு ஒரு படம் அனுப்பினேன். கப்பலின் புகைபோக்கி, பின்னால் நீல வானம். "இப்ப கட்டிக் கிடக்கயில எங்க கப்பல் புகை விடாதுப்பா" என்று போனில் பெருமையடித்தேன். அப்பா படத்தை எத்தனை நேரம் பார்த்தாரோ தெரியாது.

"லேசா வருதே?"

வந்தது உண்மைதான். கொதிகலனின் புகை. எண்ணெயைச் சூடாக்க, தண்ணீரைச் சூடாக்க, அது தனியாக எரிந்துகொண்டுதான் இருக்கும். கேபிளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சொன்னேன்.

"சரி. மீதிப் பொகை எங்கல போச்சு?"

அப்பா முப்பத்தைந்து வருடம் உப்பளத்தில் கணக்குப் பார்த்தவர். பாத்தியில் விட்ட கடல்தண்ணீர் எங்கே போயிற்று என்று அவருக்குத் தெரியும்: ஒரு பங்கு கச்சான் காற்றில், ஒரு பங்கு மண்ணில், மீதி வாருபலகையில். எதுவும் சும்மா மறையாது. கரையிலிருந்து மின்சாரம் வருகிறது என்றேன். "அங்க எதுல ஓடுது?" என்றார். கலிபோர்னியாவில் எரிவாயு, நீர், வெயில், கொஞ்சம் அணு என்றேன். "அப்ப அந்த ஊருக்குச் சரி" என்று போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

அந்த ஊருக்குச் சரி என்ற சொல் என்னை விடவில்லை. கப்பல் ஜெனரேட்டர் ஒரு யூனிட்டுக்கு விடும் கரியமில வாயு ஏறத்தாழ 0.65 கிலோ. இந்திய மின்தொகுப்பின் சராசரி 0.7 கிலோவுக்குச் சற்று மேல். ஆக, தொகுப்பு மின்சாரத்தை அப்படியே எடுத்துக் கப்பலில் செருகினால், பூமிக்கு லாபம் என்று ஒன்றும் இல்லை, கொஞ்சம் நட்டமே. ஊருக்கு லாபம் உண்டு. அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. கந்தகமும் கரித்துகளும் துறைமுகத்தை ஒட்டிக் குடியிருப்பவர் மூக்குக்கு நேராக வராது. ஆனால் பருவநிலை என்று சொல்லி மேடை போடுகிறவர் ஊர் லாபத்தையும் பூமி லாபத்தையும் ஒரே பையில் போட்டுக் கட்டினால், அதைப் பிரித்துக் காட்டுவது பத்தி சாப்களின் கடமை.

எங்கள் ஊர்க் கதை இன்னும் வட்டமானது. தூத்துக்குடி அனல்மின் நிலையம் 210 மெகாவாட் வீதம் ஐந்து அலகுகளாகக் கட்டப்பட்டது. அதற்கு நிலக்கரி ஹால்டியா, பாரதீப், விசாகப்பட்டினம் பக்கமிருந்து கப்பலில் வந்து, துறைமுகத்தின் நிலக்கரித் துறையில் இறங்கி, கன்வேயரில் ஏறிப்போகும். அந்தக் கப்பலுக்கு இங்கே கரை மின்சாரம் கொடுத்தால், தான் சுமந்துவந்த கரியைத் தானே எரித்தது போலாகலாம். இன்னொரு பக்கம், 1986-ல் நாட்டிலேயே முதலாக நட்ட காற்றாலைப் பண்ணைகளில் ஒன்று, துறைமுகத்துக்கு எட்டிய தூரத்தில் முள்ளக்காட்டில் இருந்தது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அப்பாவின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து அளத்துக்குப் போகையில் அவை சுற்றுவதை எண்ணுவேன். "நம்மளுக்கு உப்புக் காய்க்கிற காத்து, அவனுக்குக் கரண்ட் காய்க்கு" என்பார். வைகாசி முதல் புரட்டாசி வரை கச்சான் வீசும் மாதங்களில் தென்மாவட்டக் காற்றாலைகள் கொடுப்பதை வாங்கித் தீர்க்க முடியாமல் சில நேரம் நிறுத்திவைக்கவும் சொல்கிறார்கள். அதே மாதங்களில், அதே காற்றில், துறைமுகத்தில் கப்பல்கள் டீசலில் விளக்கெரிக்கின்றன. கேபிளின் ஒரு முனை கப்பலில் என்றால் மறுமுனை கயத்தாற்றிலோ முப்பந்தலிலோ இருக்க வேண்டும். ஒப்பந்தமாகவும் கணக்காகவும் அது இல்லாவிட்டால் சாக்கெட்டுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்து என்ன பயன்?

அழுக்கை இடம் மாற்றுவது எளிது, குறைப்பது கடினம் என்பதற்குச் சென்னையைவிட நல்ல உதாரணம் கிடையாது. ராயபுரம் பக்கத்து மக்களின் நெடுநாள் புகாருக்குப் பின், சென்னைத் துறைமுகம் 2011 அக்டோபர் முதல் நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாளக்கூடாது என்று உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. ராயபுரத்துக்கு விடிவு. நிலக்கரி மட்டும் நிற்கவில்லை. எண்ணூருக்கும் மற்றத் துறைகளுக்கும் போயிற்று. எண்ணூரிலும் மனிதர்களும் கழிமுகமும் மீனும் உண்டு. தீர்ப்பு தவறு என்று சொல்லவில்லை. ஒரு துறைமுகத்தின் மதிலுக்குள் கணக்கு மூடினால் அது சுத்தமாகத்தான் தெரியும் என்கிறேன்.

கடலிலும் இதே கதைதான். 2020 ஜனவரி முதல் எண்ணெயில் கந்தகம் 3.5 சதவீதத்திலிருந்து 0.5 ஆக வேண்டும் என்று உலகம் முழுக்க விதி வந்தது. நல்ல விதி. சில கம்பெனிகள் பழைய மலிவு எண்ணெயையே எரித்து, புகையைக் கடல்தண்ணீரில் கழுவும் ஸ்கிரப்பரைப் பொருத்திக்கொண்டன. கழுவிய தண்ணீர்? கடலில். சிங்கப்பூர் அதே நாளிலிருந்து தன் துறைமுகத்தில் அந்தக் கழிவுநீரை விடக்கூடாது என்று தடுத்துவிட்டது. "பொகை எங்கல போச்சு" என்று கேட்க சிங்கப்பூரிலும் ஓர் அப்பா இருந்திருக்கிறார்.

ஆனால் இவற்றையெல்லாம்விட என் கண்ணை உறுத்தியது, எந்தக் கருவியும் வாங்காமல் நிறுத்தக்கூடிய ஒரு வீண்செலவு. 2016-ல் ஒரு பல்க் கேரியரில் இந்தோனேசியாவிலிருந்து நிலக்கரி ஏற்றி இந்தியாவின் கிழக்குக் கரைக்கு வந்தோம். பத்து நாள் பயணம். 13 நாட் வேகம், நாளொன்றுக்கு முப்பது டன் எண்ணெய். போய்ச் சேர்ந்தால் எங்களுக்கு முன்னால் எட்டுக் கப்பல்கள் நங்கூரத்தில். ஒன்பது நாள் காத்துக் கிடந்தோம். கிடந்த ஒன்பது நாளும் ஜெனரேட்டர் தின்றது தனி.

கப்பலின் வேகத்துக்கும் எண்ணெய்க்கும் உள்ள உறவு நேர்க்கோடல்ல. எஞ்சினிலிருந்து கேட்கும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 13 நாட்டுக்குப் பதில் 11-ல் வந்திருந்தால் கூடுதலாக இரண்டு நாள் பிடித்திருக்கும். எண்ணெயில் கால்பங்குக்கு மேல், எண்பது டன் மிச்சம். ஒன்பது நாள் காத்திருப்பு ஏழு நாளாகியிருக்கும். யாருக்கும் ஒன்றும் கெட்டுப்போயிருக்காது. இதைக் கேப்டனிடம் கேட்டேன். பஞ்சாபிக்காரர், நல்ல மனிதர். ஒரு பேப்பரை எடுத்துக் காட்டினார். கப்பல் வந்து சேர்ந்து, தயார் என்று நோட்டீஸ் கொடுத்தால்தான் ஒப்பந்தத்தின் கடிகாரம் ஓடத் தொடங்கும். தாமதமானால் டெமரேஜ் பணம் அந்தக் கடிகாரத்தின்படி. முந்தி வந்தவருக்கு முந்திய இடம். மெதுவாக வந்து பூமிக்கு நல்லது செய்த கேப்டனுக்கு வரிசையில் கடைசி இடமும் கம்பெனியிடம் ஒரு மெமோவும் கிடைக்கும். "பத்தி சாப், அது எஞ்சின் எரிக்கிற எண்ணெய் இல்லை, வக்கீல் எரிக்கிற எண்ணெய்" என்றார்.

துறைமுகம் முன்கூட்டியே "உனக்குப் பதினேழாம் தேதி இடம்" என்று சொல்லி, பதினேழாம் தேதி வந்தாலும் கடிகாரம், வழக்கமான வேகத்தில் வந்து சேர்ந்திருக்கும் தேதியிலிருந்தே ஓடும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். ஒரு வரி. அதை எழுத வைக்க ஏற்றுமதியாளர், இறக்குமதியாளர், கப்பல் உரிமையாளர், வாடகைக்கு எடுத்தவர், துறைமுகம் என்று ஐந்து பேர் உட்கார வேண்டும். ரிப்பன் வெட்ட இதில் ஒன்றும் இல்லாததால் யாரும் உட்கார்வதில்லை.

கரைக்கு வந்த பிறகு துறைமுகங்களுக்கு மின்வேலை செய்யும் ஒரு ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்தேன். ஒரு துறைமுகத்தில் கரை மின்சாரப் பெட்டி ஏற்கெனவே வைத்திருந்தார்கள். எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. கூட வேலை பார்த்தவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். பளபளவென்று அழகான பெட்டி, பூட்டு, எச்சரிக்கைப் பலகை. மீட்டரைத் திறந்து பார்த்தேன். ஒரு வருடத்தில் ஓடியது பதினோரு யூனிட். பக்கத்தில் நின்ற வாட்ச்மேன் நெளிந்தார். "சார், உள்ளே சின்ன பாயின்ட் ஒண்ணு இருக்கு. செல்போன் சார்ஜ் போடுவேன்." அந்தப் பெட்டி வாங்கிய கடனுக்கு உழைத்தவர் அவர் ஒருவர்தான்.

ஏன் எந்தக் கப்பலும் செருகவில்லை? முதல் காரணம், தாளம். நம் ஊர் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி. பெரும்பாலான கடலோடிக் கப்பல்கள் 60. நடுவில் மாற்றுக் கருவி வேண்டும், திட்டச் செலவில் பெரிய பங்கை அதுவே விழுங்கும்; அங்கே அது வாங்கப்படவில்லை. மாற்றாமல் நம் 415 வோல்ட்டை 440 வோல்ட், 60 சுழற்சிக் கப்பலுக்கு நேராகக் கொடுத்தால், மோட்டார்கள் மெதுவாகச் சுற்றுவதோடு சூடேறவும் செய்யும். இரண்டாம் காரணம், காசு. கப்பல் வாடகையில் ஓடும்போது எண்ணெய்ச் செலவு வாடகைக்கு எடுத்தவருக்கு. கேபிள், பிளக், ஸ்விட்ச்போர்டு எல்லாம் பொருத்தும் செலவு உரிமையாளருக்கு. செலவு செய்கிறவருக்கு லாபமில்லை, லாபமடைகிறவருக்குச் செலவில்லை. வாடகை வீட்டில் சோலார் போடச் சொன்ன மாதிரி. ஐரோப்பா இதைச் சட்டத்தால் உடைக்கப் பார்க்கிறது: 2030 முதல் முக்கியத் துறைமுகங்களில் இரண்டு மணிநேரத்துக்கு மேல் கட்டிக் கிடக்கும் பெரிய கன்டெய்னர், பயணிக் கப்பல்கள் கரை மின்சாரம் எடுத்தே ஆக வேண்டும்.

நம்மிடமும் வழிகாட்டி இருக்கிறது. 2023 மே மாதம் வந்த 'ஹரித் சாகர்', ஒரு டன் சரக்குக்கு ஆகும் கரி உமிழ்வை 2030-க்குள் 30 சதவீதம், 2047-க்குள் 70 சதவீதம் குறைக்கச் சொல்கிறது. 'ஒரு டன் சரக்குக்கு' என்பதை அப்பா மாதிரி ஆட்கள் இரண்டு தடவை படிப்பார்கள். சரக்கு இரட்டிப்பானால், 30 சதவீதம் குறைத்த பிறகும் மொத்தப் புகை முன்னைவிட நாற்பது சதவீதம் கூடுதல்.

அந்தப் பெட்டித் துறைமுகத்தில் நான் உருப்படியாகச் செய்தது ஒன்றே ஒன்று. கப்பல்களை விட்டுவிட்டு, அவற்றை இழுத்துத் துறையில் சேர்க்கும் டக் படகுகளைப் பார்த்தேன். அங்கிருந்த மூன்று டக்கும் உள்ளூரில் கட்டியவை, 50 சுழற்சி, 415 வோல்ட். வேலையில்லாத நேரமெல்லாம் ஓரமாகக் கட்டிக் கிடக்கும். உள்ளே ஏழெட்டு ஆட்களுக்கு ஏசி, ஒரு ஃபிரிட்ஜ், சோறு வைக்கும் அடுப்பு. இதற்காக ஒரு டீசல் ஜெனரேட்டர் இரவெல்லாம் ஓடும், பெரிய எஞ்சினைப் பத்தில் ஒரு பங்கு சுமையில் ஓட்டுவதால் கரும்புகை கூடவே. வீட்டுக் கல்யாணத்துக்கு இழுக்கிற மாதிரி ஒரு மூன்று ஃபேஸ் லைன், 63 ஆம்பியர் சாக்கெட் மூன்று, மீட்டர். மாற்றுக் கருவியும் வேண்டாம், வெளிநாட்டு ஆலோசகரும் வேண்டாம். ஒரு மாதத்தில் முடிந்தது.

முடிந்து இரண்டு வாரம் கழித்து இரவில் போய்ப் பார்த்தால், கேபிளும் செருகியிருக்கிறது, ஜெனரேட்டரும் ஓடுகிறது. டக் மாஸ்டர் குளச்சல் பக்கத்துக்காரர், என்னைவிட மூத்தவர். "என்ன அண்ணே இது?" என்றேன். "கரண்ட் போச்சுன்னா? பைலட் கூப்பிட்டா பத்து நிமிசத்துல நான் எடுக்கணும். உங்க கரண்ட நம்பி நான் மெமோ வாங்கவா?" என்றார். நியாயம். கரண்ட் போனால் ஜெனரேட்டர் தானாக எடுக்கும் பேனல் ஒன்றைப் பொருத்தி, அவர் கண்முன்னால் ஐந்து தடவை மெயினை அணைத்துக் காட்டினேன். ஐந்தாவது தடவைக்குப் பிறகு அவரே இறங்கிப் போய் ஜெனரேட்டரை நிறுத்தினார். அடுத்த மாதம் பார்த்தபோது டீசல் பற்றியோ புகை பற்றியோ அவர் ஒன்றும் சொல்லவில்லை. "ராத்திரி தூக்கம் வருது. பையன்க குறட்டை விடுறது இப்பத்தான் தெரியுது, அது பெரிய தொல்ல" என்றார்.

டக் படகே பேட்டரியில் ஓடும் காலம் வந்துவிட்டது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் 2022 முதல் 'ஸ்பார்க்கி' என்ற மின் டக் எழுபது டன் இழுக்கிறது. டக் வேலையின் குணம் பேட்டரிக்குப் பொருந்தும்: சில நிமிடம் முழு மூச்சு, பல மணிநேரம் சும்மா. இந்திய அரசும் 2024-ல் பசுமை டக் திட்டம் தொடங்கி, முதல் கட்டமாக நான்கு துறைமுகங்கள் தலா இரண்டு வாங்க வேண்டும் என்றது. அந்த நான்கில் எங்கள் ஊர் ஒன்று.

எங்கள் ஊரில் வேறு சில சங்கதிகளும் நடக்கின்றன. 2025 செப்டம்பரில் வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் சோதனை முறையில் பசுமை ஹைட்ரஜன் ஆலை தொடங்கினார்கள். மணிக்குப் பத்துக் கனமீட்டர் வாயு. எடை போட்டால் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதைத் திரும்ப மின்சாரமாக்கினால் பதினைந்து யூனிட் தேறலாம். தெருவிளக்குக்கும் மின்வண்டி சார்ஜுக்கும் என்று சொன்னார்கள், அந்த அளவுக்குச் சரியாக இருக்கும். நான் முதலில் சிரித்தேன். பிறகு முள்ளக்காட்டுக் காற்றாலைகள் நினைவுக்கு வந்தன. அவை ஒவ்வொன்றும் 55 கிலோவாட்தான். இப்போது ஒரே தூணில் அதைப்போல ஐம்பது மடங்கு எடுக்கிறார்கள். (வ.உ.சி.யின் கப்பல்கள் நிலக்கரியில் ஓடியவை. அவர் பெயர் தாங்கிய துறைமுகத்தில் ஹைட்ரஜன் காய்ச்சுவதை அவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று எனக்குள் ஒரு கேள்வி உண்டு. வட்டி எவ்வளவு என்றுதான் முதலில் கேட்பார் என்று நினைக்கிறேன்.)

போன ஆடியில் அப்பாவை இரவு டீக்கு அழைத்துப் போனேன். எண்பத்தொன்று ஆகிறது, தூக்கம் குறைவு. துறைமுகச் சாலை திரும்பும் இடத்தில் ஒரு கடை. கச்சான் காற்று, டீக்குவளைக்குள் மண் விழாமல் உள்ளங்கையால் மூடிக்கொண்டுதான் குடிக்க வேண்டியிருந்தது. பதினொன்றரைக்குப் போலீஸ் வண்டி ஒன்று வந்து, பெஞ்சைத் தள்ளிப் போடச் சொன்னது. பின்னால் காற்றாலை இறக்கை ஏற்றிய டிரெய்லர். எழுபது மீட்டருக்குக் குறையாது. இங்கிருந்து கப்பலேறி வெளிநாடு போகிறது. முன்னால் டிரைவர் திரும்பிவிட்டார். பின்சக்கரங்களுக்கு ஒருவர் தனியாக நடந்துகொண்டே ரிமோட்டில் திருப்பிக்கொண்டிருந்தார். இறக்கையின் நுனி கடைக் கூரைக்கு மேலாக மெதுவாகத் தாண்டிப் போயிற்று. டிரெய்லர் விட்ட டீசல் புகை எங்கள் மேல் அடித்துக் கலைந்தது.

"எந்த ஊருக்குப் போகுது?"

தெரியாது என்றேன்.

"கொண்டு போற கப்பல் எதுல ஓடும்?"

"எண்ணெயிலதாம்ப்பா."

அப்பா தலையை ஆட்டிவிட்டு, அந்த ரிமோட்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார். மனிதர் பின்னால் பின்னால் நடந்து, ரவுண்டானாவின் கல்லில் சக்கரம் இடிக்காமல் ஒரு சாண் இடைவெளியில் கொண்டுபோய்விட்டார். "கைகாரன்லே" என்றார் அப்பா. நானும் கடைக்காரரும் பெஞ்சைப் பழைய இடத்துக்கு இழுத்துப் போட்டோம்.